மாதர் சங்கமும் அதன் மண்டபமும்

கொழும்புத்துறை என்றவுடன் யோகர் சுவாமிகளின் ஆச்சிரமமும் அதற்கப்பால் விரிந்து கிடக்கும் கடனீரேரியுமே பலருக்கு நினைவுக்கு வரும். அங்கிருந்து குடாநாட்டின் எத்திசையில் சென்றாலும் கோயில், பாடசாலை, சனசமூக நிலையம் என்ற வரிசையில் இன்னொரு வகைக் கட்டடத்தையும் காணலாம். ஒற்றை மண்டபம், ஓடோ சீற்றோ போட்ட கூரை, முகப்பில் 'மாதர் சங்கம்' அல்லது 'மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்' என்ற எழுத்து. காலையில் முன்பள்ளி, பிற்பகலில் தையல் வகுப்பு, குறித்த நாட்களில் தாய் சேய் நலச் சிகிச்சை, இடையிடையே நிவாரணப் பங்கீடு என்று அம்மண்டபம் ஓய்வின்றி உழைக்கும். ஆனால், அது யாருடைய காணியில் நிற்கின்றது, யார் கட்டியது, உறுதி யாருடைய பெயரில் இருக்கின்றது என்று கேட்டால், ஊரில் மூத்தவர்கள் கூட ஒருவரை ஒருவர் பார்த்துக் கொள்வதே வழமை.

கோயிலின் வரலாற்றைக் கும்பாபிஷேக மலர் சொல்லும். பாடசாலையின் வரலாற்றை நூற்றாண்டு மலர் சொல்லும். மாதர் சங்கத்திற்கு மலர் வெளியிடுவார் அரிது. பெண்கள் கூடிப் பேசுவதற்கென்று தனியே ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் எமது சமூகத்தில் எப்போது தோன்றியது, அந்த இடங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை இங்கு சிறிது விரிவாகப் பார்ப்போம்.

பெண்கள் கூடாத சமூகம் என்று எதுவும் இருந்ததில்லை. கிணற்றடியிலும் கோயில் வீதியிலும் கல்யாண வீட்டுக் குசினியிலும் அவர்கள் கூடியே இருந்தார்கள். ஆனால் அவை வேலையின் பொருட்டோ சடங்கின் பொருட்டோ கூடிய கூட்டங்கள். தாமே தலைவியைத் தெரிந்து, தாமே சந்தா சேர்த்து, தாமே பொருளை முடிவு செய்து பேசுகின்ற கூட்டம் வேறு. அதற்குப் படிப்பு தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்தில் உடுவில் மகளிர் பாடசாலை 1824 இல் ஆரம்பிக்கப்பட்டது. சேர். பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்களுக்கென 1913 இல் கல்லூரி நிறுவினார். முஸ்லிம் பெண்களின் கல்விக்காக 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டியில் பாடசாலை அமைத்தவர் அறிஞர் சித்திலெப்பை. படித்த பெண்களின் முதலாவது, இரண்டாவது தலைமுறை வளர்ந்து வந்த காலத்திலேயே மாதர் சங்கங்களும் முளைத்தன.

1904 இல் இலங்கை மாதர் சங்கமும், 1909 இல் தமிழ் மாதர் சங்கமும் கொழும்பில் தோன்றின. இரண்டின் தோற்றத்திலும் முன்னின்றவர் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்த மருத்துவர் மேரி இரட்ணம். 1896 இல் யாழ்ப்பாணத்து மிஷன் மருத்துவப் பணிக்கென இலங்கை வந்தவர் அவர். தமிழர் ஒருவரை வாழ்க்கைத் துணையாகக் கொண்டதை மிஷன் ஏற்றுக்கொள்ளாமையால் கொழும்பிலேயே தங்கிப் பெண்களுக்கு மருத்துவம் பார்த்தார். யாழ்ப்பாணம் இழந்த மருத்துவர் கொழும்பின் பெண்களுக்குக் கிடைத்தார் என்று சொல்லலாம். தமிழ் மாதர் சங்கம் பின்னாளில் 'கலாலயா' என்ற இசை, நடனப் பள்ளியின் மூலமே பொதுமக்களால் அதிகம் அறியப்பட்டது. வெள்ளவத்தையில் சைவ மங்கையர் கழகம் நிறுவிய சைவ மங்கையர் வித்தியாலயமும் இதே வழியில் வந்ததுதான். கழகம் தொடங்கிய பெண்களின் பெயர்கள் மங்கிப்போக, அவர்கள் தொடங்கிய பாடசாலையின் பெயர் மட்டும் ஊரில் நிலைத்தது.

தமிழ் மாதர் சங்கம் தோன்றிய அதே 1909 இல், இந்தியாவின் போபாலில் இன்னொரு மாதர் கழகம் பிறந்தது. போபால் அரசை அப்போது ஆண்டவர் நவாப் சுல்தான் ஜஹான் பேகம். தொடர்ச்சியாக ஆட்சி செய்த நான்கு பெண் அரசிகளுள் இறுதியானவர். வேல்ஸ் இளவரசியின் பெயரால் அவர் நிறுவிய கழகத்தில் பர்தா ஒழுங்கு முழுமையாகப் பேணப்பட்டது. அந்த ஒழுங்கு இருந்தமையாலேயே வீட்டை விட்டு வெளியே வராத குடும்பத்துப் பெண்கள் அங்கே வந்தார்கள். சுகாதாரம், முதலுதவி, கைப்பணி பற்றிய விரிவுரைகளைக் கேட்டார்கள், பேசினார்கள், விளையாடவும் செய்தார்கள். பர்தாவையும் கழகத்தையும் எதிரெதிர்த் துருவங்களாகக் காண்பது பிற்காலப் பழக்கம். போபாலில் ஒன்று மற்றொன்றுக்கு வாசலாக அமைந்தது. இவ்வம்மையாரே 1920 இல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முதலாவது வேந்தராகவும் ஆனார். ஆனால் அரசியின் கொடையில் பிறந்த கழகம் அரச குடும்பத்தின் நிழலிலேயே நிற்க வேண்டியிருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். இடம் அவருடையது, செலவும் அவருடையது.

கட்டடமும் கழகமும் ஒன்றையொன்று பற்றிய கதைகளில் தமிழர்க்கு மிக நெருக்கமானது சென்னையினது. சிறுவயதில் மணமாகிச் சிறுவயதிலேயே கணவனை இழந்தவர் ஆர்.எஸ். சுப்புலட்சுமி. தந்தையாரின் துணிவினால் படித்து, 1911 இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அம்மாகாணத்தில் பட்டம் பெற்ற முதலாவது இந்து விதவை அவரே. அடுத்த ஆண்டு, 1912 இல், 'சாரதா மாதர் சங்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். வீட்டுப் பெண்கள் வந்து கூடுவதும், விரிவுரை கேட்பதும், நூல்களைப் படித்து உரையாடுவதுமே அதன் தொடக்க நோக்கம். அதாவது, அது முதலில் ஒரு சமூகக் கழகமே. ஆனால் கூடிய பெண்கள் பேசிய விடயம் அவர்களைச் சும்மா இருக்க விடவில்லை. பத்து வயதிலும் பன்னிரண்டு வயதிலும் தாலி அறுத்த சிறுமிகளை என்ன செய்வது என்ற கேள்வி அதில் முதலாவதாக நின்றது. எழும்பூரில் சுப்புலட்சுமியின் தந்தையார் வீட்டிலேயே, விரல்விட்டு எண்ணக்கூடிய சிறுமிகளுடன் ஓர் இல்லம் தொடங்கிற்று. பெண்கல்விப் பரிசோதகராகவிருந்த கிறிஸ்ரினா லிஞ்ச் அம்மையாரின் முயற்சியால் அரசாங்கத்தின் ஆதரவும் கிட்டியது. பிள்ளைகள் பெருக வீடு போதவில்லை. விதவைச் சிறுமிகளுக்கென்று வீடு வாடகைக்குக் கொடுப்பாரும் இலர். காலையில் கண்ணில் படுவது அபசகுனம் என்று கருதப்பட்ட பிள்ளைகள் அல்லவா?

அப்போது கிடைத்ததுதான் மெரினாக் கடற்கரையோரத்து ஐஸ் ஹவுஸ். அக்கட்டடத்தின் பூர்வீகம் சுவையானது. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரைச் சேர்ந்த பிரெடெரிக் ரியூடர் என்ற வணிகர், அங்கே குளிர்காலத்தில் உறைந்த குளத்து ஐஸைப் பாளம் பாளமாக வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி வெப்ப நாடுகளுக்கு அனுப்பி விற்றவர். சென்னைக்கு வந்த ஐஸைச் சேமிப்பதற்காக 1842 அளவில் அவர் கட்டிய களஞ்சியமே அது. வெப்பம் புகாதபடி தடித்த சுவர்களும் வளைந்த முகப்பும் கொண்டது. 1870களில் ஐஸைச் செயற்கையாகவே இந்தியாவில் உற்பத்தி செய்யத் தொடங்கியதும் கப்பல் ஐஸின் வணிகம் படுத்தது. கட்டடத்தை வாங்கிய வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வசிப்பிடமாக மாற்றி, நீதிபதி கெர்னனின் பெயரைச் சூட்டினார். சுவாமி விவேகானந்தர் மேலைநாடுகளிலிருந்து திரும்பியபோது 1897 பெப்ரவரியில் அங்கேதான் தங்கினார். அதற்கு முந்திய சனவரியில் கொழும்பில் இறங்கி, யாழ்ப்பாணம் வந்து, இந்துக் கல்லூரியில் உரையாற்றி விட்டுச் சென்ற அதே பயணம்தான் அது. பின்னர் இராமகிருஷ்ண மடத்தின் தென்னாட்டுப் பணி அங்கே வேர்கொண்டது. 1906 இல் கட்டடம் ஏலத்திற்குப் போனது.

ஐஸுக்காகக் கட்டிய அத்தடித்த சுவர்களுக்குள் 1910களின் நடுப்பகுதியிலிருந்து விதவைச் சிறுமிகள் படித்தார்கள். கட்டடம் 1917 இல் அரசாங்கத்தின் உடைமையாயிற்று. அங்கே வளர்ந்தவர்கள் ஆசிரியைகளாகி மாகாணம் முழுவதும் பரந்தார்கள். 1922 இல் பெண்களுக்கான லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியும் சுப்புலட்சுமியின் பொறுப்பில் தொடங்கியது. சாரதா மாதர் சங்கத்தின் சார்பில் எழுந்த சாரதா வித்தியாலயம் பின்னர் இராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டது. ஐஸ் ஹவுஸ் ஆசிரிய மாணவிகளின் விடுதியாகவும் நீண்டகாலம் இருந்தது. 1963 இல், விவேகானந்தர் நூற்றாண்டையொட்டி, அதற்கு 'விவேகானந்தர் இல்லம்' என்று பெயரிடப்பட்டது. 1997 இல் தமிழக அரசு அதை இராமகிருஷ்ண மடத்திற்குக் குத்தகைக்குக் கொடுத்தது.

சுவாமிகள் அங்கு தங்கியது சுமார் 9 நாட்கள். பெண்பிள்ளைகள் அங்கு வாழ்ந்ததோ பல பதிற்றாண்டுகள். கட்டடத்தின் பெயர் 9 நாட்களின் பெயராக இருக்கின்றது. சுவாமிகளின் பெருமையைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு கட்டடத்தின் நினைவை யார் எழுதுகின்றார்கள் என்பதில் உடைமைக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எமக்குத் தெரியவில்லை. சங்கம் பெண்களுடையது, கட்டடம் அரசாங்கத்தினுடையது.

சுப்புலட்சுமியின் இல்லத்திற்கு ஒரு குறையும் இருந்தது. அரசாங்க உதவி பெற்ற அவ்வில்லம் பிராமண விதவைகளுக்கென்றே நடத்தப்பட்டது. மற்றைச் சாதிப் பெண்கள் எங்கே போவது என்ற கேள்விக்கு அங்கே விடை இருக்கவில்லை. தேவதாசி முறையிலிருந்து வெளியேறிய பெண்களுக்கு எந்த விடுதியும் கதவு திறக்காத நிலையில், மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1930 இல் ஒளவை இல்லத்தைத் தொடங்க நேர்ந்ததும் இதனாலேயே. மாதர் சங்கம் என்றவுடன் அது எல்லா மாதருக்கும் உரியது என்று கொள்வதற்கில்லை. எமது ஊர்களிலும் இக்கேள்வி இன்னும் முடிந்து போகவில்லை என்பதை வாசகர் அறிவர்.

இனி, முதுமையிலும் சுப்புலட்சுமி அம்மையார் ஓய்ந்திருக்கவில்லை. மயிலாப்பூர் மாதர் கழகத்துடன் இணைந்து உழைத்தார். ஓய்வுநேரக் கழகமாகவே பலர் கருதிய அக்கழகம் 1956 இல் வித்யா மந்திர் பள்ளியை நிறுவியது. வெள்ளவத்தையில் நடந்ததே மயிலாப்பூரிலும் நடந்தது.

இலங்கைக்கு மீள்வோம். 1927 இறுதியில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் கொழும்பில் உருவாகியது. மேரி இரட்ணம், அக்னஸ் டி சில்வா முதலியோர் அதன் முன்னணியில் இருந்தனர். 1928 இன் தொடக்கத்தில் டொனமூர் ஆணைக்குழு முன் இவர்கள் சாட்சியமளித்தார்கள். பெண்களுக்குக் கல்லூரி கட்டிக் கொடுத்த இராமநாதனே அவர்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்று எதிர்த்தார் என்பது எமது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. ஆயினும் 21 வயதிற்கு மேற்பட்ட இருபாலாருக்கும் சர்வசன வாக்குரிமை 1931 இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டுத் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்தமையால் குடாநாட்டுப் பகுதியின் 4 தொகுதிகளும் வெறுமையாக விடப்பட்டன. 1934 இல்தான் அவற்றுக்கு உறுப்பினர்கள் தெரிவாகினர். ஆக, வாக்குரிமை கிடைத்த முதலாவது தேர்தலில் தென்னிலங்கைப் பெண்கள் வாக்களித்தபோது, கொழும்புத்துறைப் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. பகிஷ்கரிப்பின் சரி பிழைகளைப் பலர் ஆராய்ந்திருக்கின்றார்கள். இந்தக் கோணத்தில் ஆராய்ந்தவர் குறைவு. 1932 இடைத்தேர்தலில் கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்து அரசாங்க சபைக்குத் தெரிவானமை தமிழ்ப் பெண்களுக்குக் கிடைத்த ஓர் ஆறுதல். பிற்காலத்தில், 1946 இல் தொடங்கிய முஸ்லிம் மகளிர் கல்லூரியின் அதிபராக விளங்கிய ஆயிஷா ரவூஃப் கொழும்பு மாநகர சபை உறுப்பினராகிப் பிரதி மேயராகவும் பணியாற்றினார்.

மேரி இரட்ணம் 1930 இல் இன்னொரு வேலையைத் தொடங்கினார். அதுவே லங்கா மஹிள சமித்தி. நகரத்துச் சீமாட்டிகளின் தேநீர்க் கூட்டத்திற்கு வெளியே, கிராமத்துப் பெண்களிடம் சங்கத்தைக் கொண்டு செல்வது அதன் நோக்கம். அவர் மாதிரியாகக் கொண்டவற்றுள் ஒன்று தம் சொந்த மாகாணமான ஒன்ராறியோவில் பிறந்த மாதர் நிறுவகம். 1897 பெப்ரவரி 19 ஆம் திகதி ஸ்ரோனி கிரீக் என்ற ஊரில் 101 பெண்கள் கூடி அதைத் தொடங்கினார்கள். அதன் யாப்பு, ஏர்லன்ட் லீ என்ற விவசாயியின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எழுதப்பட்டது. பால் சுத்தம், சமையல், சிசு பராமரிப்பு என்று தொடங்கிய அமைப்பு பின்னர் பிரித்தானியாவிற்கும் பரவி உலகளாவியதாயிற்று. 1972 இல் ஒன்ராறியோ மாதர் நிறுவகங்கள் ஒன்றுசேர்ந்து அந்த லீ குடும்பத்து வீட்டை விலைக்கு வாங்கி, அருங்காட்சியகமாக்கின. ஐஸ் ஹவுஸிலிருந்து இது வேறுபடும் இடம் இதுவே. பெண்களின் அமைப்பே தன் தொட்டிலின் உறுதியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

எமது நாட்டில் இது ஏன் கடினமாக இருக்கின்றது என்பதற்குச் சட்டத்திலும் காரணம் உண்டு. தேசவழமைக்கு உட்பட்ட யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண், திருமணமானவளாயின், தன் சொந்த அசையாச் சொத்தைக் கூடக் கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைகள் கட்டளைச் சட்டம் இவ்வாறு விதிக்கின்றது. சீதனக் காணியில் இரண்டு பரப்பை மாதர் சங்கத்திற்கு நன்கொடையாக எழுத ஒருத்தி விரும்பினாலும் கணவன் கையொப்பமிட வேண்டும், அல்லது நீதிமன்றம் போக வேண்டும். இஸ்லாமியச் சட்டத்தில் மனைவியின் சொத்து மனைவியினுடையதே. அதைக் கையாளக் கணவனின் அனுமதி தேவையில்லை. ஒரே தெருவில் வாழ்ந்த இரு அயலவர்ப் பெண்களின் நிலை இந்த ஒரு விடயத்தில் இவ்வளவு வேறுபட்டிருந்தது என்பதைத் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரைப் பற்றி ஒருவர் அறியாதிருக்கின்றனர்.

மற்றொரு சிக்கல், சங்கத்தினுடையது. கூட்டிணைக்கப்படாத சங்கம் சட்டத்தின் கண்ணில் ஓர் 'ஆள்' அன்று. அது தன் பெயரில் காணி வைத்திருக்க இயலாது. எவராவது சிலர் நம்பிக்கைப் பொறுப்பாளர்களாக இருந்து அதற்காக வைத்திருக்க வேண்டும். பொறுப்பாளர்கள் இறந்தோ இடம்பெயர்ந்தோ போய், புதியவர்கள் நியமிக்கப்படாவிடின் மண்டபம் அநாதையாகின்றது. பத்து ஆண்டுகள் இடையூறின்றி ஒருவர் ஆண்டு வந்தால் ஆட்சியுரிமை கோரவும் எமது சட்டத்தில் வழியுண்டு.

போர் இச்சிக்கலை நூறு மடங்காக்கியது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, அவர்கள் எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டது மிகச் சொற்பமே. சங்கப் பதிவேட்டை யார் காவுவார்? 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோதும் அதுவே கதை. எஞ்சிய மண்டபங்கள் அகதி முகாம்களாயின, காவலரண்களாயின. கூட்ட அறிக்கைப் புத்தகங்கள் அடுப்பெரித்தன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை உலகமறியும். ஒரு மாதர் சங்கத்தின் தகரப்பெட்டி தொலைந்ததை அச்சங்கத்துச் செயலாளரைத் தவிர வேறெவரும் அறியார்.

தொல்பொருள் திணைக்களத்தை நோக்கிக் கைநீட்டுவதாலும் உடனடிப் பயன் அதிகமில்லை. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் இயல்பாகவே அரவணைப்பது 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முந்தியவற்றைத்தான். பிந்தியவற்றை அமைச்சர் வர்த்தமானி மூலம் பாதுகாக்கப்பட்டதாகப் பிரகடனப்படுத்தலாம். ஆனால் அதற்கு, கட்டடத்தின் வரலாற்றை யாராவது முன்கூட்டியே எழுதி ஆதாரப்படுத்தியிருக்க வேண்டும். ஆகவே வேலை ஊரிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கின்றது. எஞ்சியுள்ள அறிக்கைப் புத்தகங்கள், சந்தாப் பற்றுச்சீட்டுகள், தையல் வகுப்புக் கண்காட்சியில் எடுத்த மங்கிய படங்கள் ஆகியன எவையாயினும் பிரதி எடுக்கப்பட வேண்டும். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் மின்வடிவில் சேகரித்து வரும் நூலகம் போன்ற திட்டங்கள் இருப்பது எமக்கொரு வசதி. மூத்த உறுப்பினர்களின் வாய்மொழியை ஒலிப்பதிவு செய்வதற்கு இப்போது கைத்தொலைபேசியே போதும். புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் வாழும் யாழ்ப்பாண முஸ்லிம் மூதாட்டிகளின் நினைவுகளையும் சேர்த்தாலன்றி யாழ்ப்பாணத்துப் பெண்கள் சங்கங்களின் கதை பாதிக் கதையாகவே இருக்கும்.

உறுதி தொலைந்துவிட்டது என்று கைவிட்ட சங்கங்களுக்கு ஒரு செய்தி. நொத்தாரிசு ஒருவர் உறுதி முடிக்கும்போது அதன் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்திற்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரியாவிட்டாலும், காணியின் பெயரும் ஊரும் தெரிந்தால் பதிவேட்டில் தேடுவதற்கு அங்கே விண்ணப்பிக்கலாம். எமது குடாநாட்டில் ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் ஒரு பெயர் உண்டு. மண்டபம் நிற்கும் நிலத்தின் பெயரைச் சொல்லக்கூடிய ஆச்சிமார் இன்னும் சில ஊர்களிலாவது இருக்கின்றார்கள்.